நாளும் நிகழ்வும்: ஆகஸ்டு 21



சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் ஒரு தாளைக் கிழிக்கிறோம். கிழித்த தாளைக் கசக்கி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் அந்தச் சிறு தாளில் அச்சிட்ட தேதி அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் உரியதன்று. நூறாண்டுகளுக்கு முன்னும் அதே தேதி வந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னும் வந்தது. அன்று எங்கோ ஒரு குழந்தை பிறந்தது; எங்கோ ஒரு பெரியவர் கண்ணை மூடினார்; எங்கோ ஒரு பெரும்பணி நிறைவேறியது. அவற்றையெல்லாம் ஒருசேர எடுத்துப் பார்ப்பதே நம் பகுதியின் வழக்கம்.

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட நாள் ஆகஸ்டு 21. அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் தருமபுரி மாவட்டத்தில், சிறப்பாக ஏரியூர், நாகமரை, ஒட்டனூர்ப் பகுதிகளில் வாழும் பிள்ளைகளின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புள்ள ஒரு நாள் அது. அத்தொடர்பு யாதெனச் சற்றுப் பொறுத்துக் கூறுவோம். முதலில் உலகை ஒருமுறை சுற்றி வருவோம், வாருங்கள்.

புதுநன்மையின் திருத்தந்தை

ஆகஸ்டு 21 திருச்சபையின் நாட்காட்டியில் புனித பத்தாம் பத்திநாதரின் திருநாள். பயஸ் என்னும் பெயரையே நம் முன்னோர் பத்திநாதர் எனத் தமிழில் அழைத்தனர். அவர் இறந்தது 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள். அந்நாள் புனித பெர்நார்து திருநாளாக இருப்பதால், அடுத்த நாளில் இவரை நினைவுகூர்கிறோம்.

இத்தாலி நாட்டில் ரியெசெ என்னும் சிற்றூரில் 1835-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் இவர் பிறந்தார். இயற்பெயர் ஜுசெப்பே சார்த்தோ. தந்தை ஊரில் தபால் பணி செய்தவர். தாய் துணி தைப்பவர். பத்துப் பிள்ளைகள் பிறந்த ஏழைக் குடும்பம் அது. சிறுவன் ஜுசெப்பே ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவிலிருந்த காஸ்டல்பிராங்கோ ஊர்ப் பள்ளிக்கு நடந்தே சென்று நடந்தே திரும்புவான். காலணி தேய்ந்துவிடுமே என்று அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடப்பான் என்று சொல்வார்கள். மலைப்பாதையில் நடந்து பள்ளிக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு அச்சிறுவனை நன்கு புரியும்.

அச்சிறுவன் 1903-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் திருத்தந்தையாகத் தெரிந்துகொள்ளப்பட்டார். அந்நாளில் புதுநன்மை வாங்குவதற்குப் பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை காத்திருப்பது பல நாடுகளில் வழக்கமாயிருந்தது. நற்கருணைக்கும் சாதாரண அப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறியும் வயது வந்தாலே போதும், ஏறக்குறைய ஏழு வயதிலேயே குழந்தைகள் நற்கருணை உட்கொள்ளலாம் என்று 1910-ஆம் ஆண்டில் இவர் ஆணையிட்டார். இன்று நீங்கள் வெண்ணுடை உடுத்தி, மெழுகுதிரி ஏந்திப் பீடத்தின் முன் சிறு வயதிலேயே நிற்கிறீர்கள் அல்லவா? அதற்கு வழி திறந்தவர் இந்தத் தபால்காரர் மகனே. ஏழையாய்ப் பிறந்து, ஏழையாய் வாழ்ந்து, ஏழையாகவே இறக்க விரும்புவதாகத் தம் உயிலில் எழுதிவைத்தார் அவர்.

1789: கணிதம் கற்ற கருணை

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1789-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் பாரிசு மக்கள் பாஸ்டில் சிறையைத் தகர்த்தனர். அதற்குப் பின் ஐந்து வாரங்கள் கழித்து, அதே பாரிசு நகரில் ஆகஸ்டு 21-ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஓகஸ்டென் லூயி கோஷி என்று பெயரிட்டனர்.

தெருவெங்கும் கலவரம், நாடெங்கும் அச்சம். தந்தை குடும்பத்தோடு தலைநகரை விட்டு வெளியேறி, அர்க்கெய் என்னும் சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்தார். அங்கே உணவுக்கே முட்டுப்பாடு. பள்ளியும் இல்லை. தந்தையே மகனுக்கு ஆசிரியரானார். அந்தப் பசியின் நடுவே வளர்ந்த சிறுவனே பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த கணித அறிஞருள் ஒருவனானான்.

மேல்நிலை வகுப்பில் படிக்கும் உங்கள் அண்ணனையோ அக்காளையோ கேட்டுப்பாருங்கள். நுண்கணிதத்தில் எல்லை, தொடர்ச்சி என்று பாடங்கள் வரும். அதற்கு முன் அறிஞர்கள் தோராயமாகப் பேசிவந்த கருத்துகளுக்கு இன்னது இதுவென்று திட்டமான இலக்கணம் வகுத்தவருள் கோஷி முதன்மையானவர். அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஏறத்தாழ எண்ணூறு.

அவர் ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். புனித வின்சென்ட் தெ பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளுக்கு உழைத்தவர். தாம் வாழ்ந்த சோ என்னும் ஊரின் ஏழைகளுக்காகத் தம் சம்பளத்தை அப்படியே ஊர்த் தலைவரிடம் கொடுத்துவிடுவார் என்றும், இவ்வளவு தரலாமா என்று அவர் தயங்கியபோது, அது வெறும் சம்பளந்தானே என்று சொல்லிச் சிரித்தார் என்றும் கூறுவர். அவர் பிறந்து சரியாக நூறாண்டு கழித்து, 1889-இல் பாரிசில் ஐஃபெல் கோபுரம் எழுந்தது. அதில் பொறித்த எழுபத்திரண்டு அறிஞர் பெயர்களுள் கோஷியின் பெயரும் ஒன்று.

1879: மழையில் நனையாத இடம்

பாரிசிலிருந்து கடல் கடந்து அயர்லாந்து நாட்டுக்குச் செல்வோம். 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் மாலை. நோக் என்னும் ஏழை ஊரில் நல்ல மழை. பங்குக் கோவிலின் புறச்சுவரருகே தேவமாதாவும் புனித சூசையப்பரும் நற்செய்தியாளர் அருளப்பரும், ஒரு பீடமும் அதன்மேல் ஓர் ஆட்டுக்குட்டியும் ஒளியோடு தோன்றக் கண்டதாகப் பதினைந்து பேர் சாட்சி கூறினர். அவர்களுள் முதியவர்களும் இருந்தனர். உங்களைப் போன்ற சிறுவர்களும் இருந்தனர். கொட்டும் மழையிலும் அச்சுவரின் அடியில் தரை நனையாதிருந்தது என்றும் அவர்கள் உரைத்தனர்.

அக்காட்சியில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பஞ்சத்தாலும் வறுமையாலும் வாடிய மக்கள் மழையில் நனைந்தபடியே நின்று செபமாலை சொன்னார்கள், அவ்வளவே. நூறாண்டு நிறைவில், 1979-இல், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவ்வூருக்குத் திருப்பயணம் சென்றார்.

1907: பூதப்பாண்டியின் ஜீவா

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். நாஞ்சில் நாட்டில் பூதப்பாண்டி என்னும் ஊரில் 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் பிறந்தவர் ப. ஜீவானந்தம். பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. மக்கள் அன்போடு அழைத்த பெயர் ஜீவா.

இளம் வயதிலேயே கதர் உடுத்தித் தீண்டாமையை எதிர்த்துக் குரல் கொடுத்தார். காரைக்குடியை அடுத்த சிராவயலில் ஆசிரமம் நடத்தியபோது, 1927-இல் காந்தியடிகள் அங்கு வந்தார். உமக்குச் சொத்து எவ்வளவு என்று காந்தியடிகள் வினவ, இந்தியாவே என் சொத்து என்று இவர் விடையிறுத்ததாகவும், இல்லை, நீரே இந்தியாவின் சொத்து என்று அடிகள் பாராட்டியதாகவும் சொல்வார்கள்.

பின்னர் அவர் பொதுவுடைமை இயக்கத்தின் தலைவரானார். பலமுறை சிறை சென்றார். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 'தாமரை' என்னும் இலக்கியத் திங்களிதழைத் தோற்றுவித்தார். கம்பனையும் பாரதியையும் பற்றி அவர் பேசினால் கூட்டம் நேரம் போவதே தெரியாமல் கேட்கும். சமய நம்பிக்கையில் அவர் வழி வேறு, நம் வழி வேறு. ஆயினும் பதவி வந்தபோதும் குடிசையிலேயே வாழ்ந்து, தமக்கென ஒன்றும் சேர்க்காமல் 1963-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள் மறைந்த அவரது எளிமையை எவரும் போற்றுவர்.

1911: வெறும் சுவரைக் காண வந்த கூட்டம்

1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21 ஒரு திங்கட்கிழமை. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. வேலையாள் உடுப்பு அணிந்த ஒருவன் உள்ளே நுழைந்தான். சுவரில் மாட்டியிருந்த ஓவியம் ஒன்றைக் கழற்றினான். மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு வெளியேறினான். லியனார்டோ டாவின்சி மரப்பலகையில் தீட்டிய மோனா லிசா ஓவியமே அது! மறுநாள் வரை எவரும் அதைக் கவனிக்கவில்லை.

எடுத்துச் சென்றவன் வின்சென்சோ பெருஜா என்னும் இத்தாலியத் தொழிலாளி. முன்னர் அதே அருங்காட்சியகத்தில் ஓவியங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் அமைக்கும் வேலை செய்தவன். இரண்டாண்டுகளுக்கு மேல் தன் அறையில் ஒரு பெட்டிக்குள் ஓவியத்தை ஒளித்து வைத்திருந்தான். 1913 டிசம்பரில் பிளாரன்சு நகரில் அதை விற்க முயன்றபோது பிடிபட்டான். ஓவியம் 1914 சனவரியில் தன் இடத்துக்குத் திரும்பியது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஓவியம் காணாமற் போன பின், அது மாட்டியிருந்த வெற்றிடத்தைப் பார்ப்பதற்கென்றே மக்கள் திரள் திரளாக வந்தார்கள்! இருந்தபோது அதனைக் கடந்து சென்றவர்களும், இல்லாதபோது வந்து நின்று வெறும் சுவரை உற்று நோக்கினார்கள். ஒன்றன் அருமை அதை இழந்த பிறகே நமக்குத் தெரிகிறது. இந்த வெற்றிடத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அடுத்து நாம் காணப்போவதும் இழந்த ஓரிடத்தின் கதையே. அது பாரிசில் இல்லை. நம் வாசலிலேயே இருக்கிறது.

1934: நம் காவிரியில் எழுந்த அணை

ஏரியூரைக் கடந்து நாகமரைக்குச் சென்றிருக்கிறீர்களா? தண்ணீர் நிறைந்த காலத்தில் கரையில் நின்றால் கடல் போல் நீர்ப்பரப்பு விரியும். எதிர்க்கரையில் பண்ணவாடி. இடையே அலையடிக்கும் அந்த நீர், ஒகேனக்கல்லில் அருவியாய் விழுந்து ஓடிவந்த காவிரி. அது அங்கே ஓடாமல் தேங்கி நிற்பதற்குக் காரணம் மேட்டூர் அணை. அவ்வணை திறந்து வைக்கப்பட்ட நாளே 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21, செவ்வாய்க்கிழமை. அந்நாளில் தருமபுரி தனி மாவட்டமாக இல்லை. சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1965-இல்தான் தனி மாவட்டமாயிற்று.

அணையின் கதை பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறது. காவிரி நீரைப் பகிர்ந்துகொள்வது பற்றிச் சென்னை அரசும் மைசூர் அரசும் 1924-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் உடன்பாடு செய்தன. அதே ஆண்டு சூலையில் காவிரியில் பெருவெள்ளம் புரண்டு கரையோர ஊர்களைச் சூறையாடியது. மிகுந்தால் வெள்ளம், குறைந்தால் வறட்சி என்று தஞ்சை உழவர் தவித்த காலம் அது. மறு ஆண்டு, 1925-இல், அணை கட்டும் பணி தொடங்கியது. எல்லிஸ் என்னும் பொறியாளர் திட்டத்தை வகுத்தார். இரு மலைகளுக்கிடையே ஆறு குறுகி ஓடும் இடத்தைத் தேர்ந்தனர். ஒன்பது ஆண்டுகள் பல்லாயிரம் தொழிலாளர் உழைத்தனர். நிறைவில் சென்னை ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அணையைத் திறந்து வைத்தார். அதனாலேயே நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் வந்தது.

அணையின் நீளம் 5,300 அடி. உயரம் 214 அடி. நீரை 120 அடி வரை தேக்கலாம். இவ்வளவு நீரின் தள்ளுதலை ஒரு சுவர் எவ்வாறு தாங்குகிறது? தன் எடையாலேயே தாங்குகிறது. நீரின் அழுத்தம் மேலே குறைவு. ஆழம் செல்லச் செல்ல மிகுதி. ஆகவே அணையை உச்சியில் குறுகலாகவும் அடியில் மிக அகலமாகவும் கட்டியுள்ளனர். கயிறு இழுக்கும் போட்டியில் காலை அகட்டி ஊன்றி நிற்கிறீர்கள் அல்லவா? அணையும் அவ்வாறே நிற்கிறது.

அணை நிறைந்தால் அதில் 93.47 டி.எம்.சி. நீர் இருக்கும் என்று வானொலியிலும் செய்தித்தாளிலும் சொல்கிறார்களே, அதன் பொருள் என்ன? நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓர் அடியாக உள்ள தொட்டி கொள்ளும் நீர் ஒரு கன அடி. அத்தகைய தொட்டிகள் நூறு கோடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. அப்படி 93-க்கும் மேல்! எத்தனை தொட்டிகள் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

அந்த நீர் சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர், திருச்சி வழியே தஞ்சை, திருவாரூர், நாகை வரை பாய்கிறது. மேட்டூர்த் திட்டத்தோடு சேர்த்து வெட்டிய கல்லணைக் கால்வாயைத் தஞ்சை மக்கள் இன்றும் புது ஆறு என்றே அழைக்கின்றனர். வானம் பார்த்த மேட்டு நிலங்கள் அதனால் நெல் வயல்களாயின. குறுவைச் சாகுபடிக்காக ஆண்டுதோறும் சூன் 12-ஆம் நாள் அணையைத் திறப்பது மரபு. நீ உண்ணும் சோற்றில் ஒரு பருக்கையேனும் இந்நீரில் விளைந்ததாக இருக்கக்கூடும்.

இது நாணயத்தின் ஒரு பக்கம். மறு பக்கத்தையும் பார்ப்போம்.

தேங்கிய நீர் எங்கே தேங்கியது? வெற்றிடத்திலா? இல்லை. ஏறத்தாழ 59 சதுர மைல் பரப்பில், ஊர்களின் மேலும் வயல்களின் மேலும் தேங்கியது. அங்கே வீடுகள் இருந்தன; வீட்டு முற்றத்தில் உரலும் அம்மியும் இருந்தன; கிணறுகள் இருந்தன; முன்னோரைப் புதைத்த இடங்கள் இருந்தன; சாமி கும்பிட்ட கோவில்கள் இருந்தன. தண்ணீர் ஏற ஏற, மக்கள் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு மேட்டு நிலங்களுக்குக் குடியேறினர். எடுக்க முடியாதவை நீருக்கடியில் தங்கிவிட்டன.

அவை முற்றிலும் மறைந்துவிடவில்லை. மழை பொய்த்து அணையின் நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில், பண்ணவாடி அருகே நீருக்குள்ளிருந்து ஒரு பழைய கிறித்தவக் கோவிலின் இரட்டைக் கோபுரம் மெல்லத் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் சலகண்டேசுவரர் கோவிலின் பெரிய நந்திச் சிலையும் வெளிப்படும். மக்கள் படகேறிச் சென்று பார்த்து வருவார்கள். ஓர் ஊரில் சிலுவையின் கோவிலும் சிவன் கோவிலும் அருகருகே இருந்தன. இரண்டும் ஒன்றாக நீரில் மூழ்கின. இரண்டும் ஒன்றாகவே வெளிவருகின்றன. அக்கோபுரத்தின் கீழ் எத்தனை குழந்தைகள் ஞானஸ்நானம் பெற்றிருப்பார்கள்! எத்தனை பேர் கிறிஸ்து பிறப்பு இரவில் பூசைக்கு ஓடியிருப்பார்கள்! லூவரில் வெறும் சுவரைக் காண வந்த கூட்டத்தை நினைவிற் கொள்ளுங்கள். இங்கேயும் மக்கள் காண வருவது, இழந்த ஒன்று இருந்த இடத்தையே.

நீர் இறங்கிய காலத்தில் வண்டல் படிந்த அந்நிலத்தில் நம் பகுதி உழவர் கேழ்வரகும் எள்ளும் சோளமும் நிலக்கடலையும் விதைக்கின்றனர். நீர் திரும்பி ஏறுமுன் அறுவடை செய்துவிட வேண்டும். நீர் நிறைந்தால் அதே இடத்தில் மீனவர் வலை வீசுகின்றனர். ஒரே நிலம் சில மாதம் வயல், சில மாதம் குளம். ஆயினும் ஏரியூர்ப் பக்கத்து மேட்டு நிலங்கள் இன்றும் மழையையே நம்பியிருக்கின்றன. கண்ணெதிரே கடல் போல் நீர் நிற்க, குடிநீருக்குக் குடம் சுமந்து நடந்த தாய்மார் இப்பகுதியில் பலர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நிறைவேறிய பிறகே தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் காவிரி குழாய் வழியே வந்தது.

ஆகவே 1934 ஆகஸ்டு 21 தஞ்சையில் மகிழ்ச்சியின் நாள். இங்கே பலருக்குப் பிரிவின் நாள். இரண்டும் உண்மையே. அணை தவறு என்று நாம் சொல்லவில்லை. இலட்சக்கணக்கான குடும்பங்கள் அதனால் உண்கின்றன. ஆனால் அந்த உணவுக்காகத் தம் ஊரையே கொடுத்தவர்களும் உண்டு. ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்தில் நிற்கிறது. எல்லிஸின் பெயர் புத்தகங்களில் நிற்கிறது. வீட்டை விட்டு மேடேறிய தாத்தாவின் பெயரும் பாட்டியின் பெயரும் எங்கே நிற்கின்றன?

1986: ஒரே நாளில் ஓர் இழவும் ஒரு பிறப்பும்

மேட்டூர் ஏரியை விட்டு ஆப்பிரிக்காவின் மற்றோர் ஏரிக்குச் செல்வோம். காமெரூன் நாட்டில் எரிமலை வாயில் அமைந்த ஏரி நியோஸ். 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21 இரவு, அதன் ஆழத்தில் பல்லாண்டுகளாகக் கரைந்து சேர்ந்திருந்த கரியமில வாயு திடீரென வெளிப்பட்டது. சோடாப் புட்டியைக் குலுக்கித் திறந்தால் நுரை பொங்குவது போல! அவ்வாயு காற்றைவிடக் கனமானது. எனவே மேலே எழாமல், தரையோடு தரையாய்ப் பள்ளத்தாக்குகளில் இறங்கிப் பரவியது. உறங்கிக் கொண்டிருந்த 1,700-க்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி இறந்தனர். ஆயிரக்கணக்கான ஆடு மாடுகளும் மடிந்தன.

அறிஞர்கள் அங்கே சென்று காரணம் கண்டறிந்தனர். 2001-ஆம் ஆண்டில் ஏரியின் அடிவரை குழாய் இறக்கி, வாயுவைச் சிறிது சிறிதாக வெளியேற்ற வழி செய்தனர். மேட்டூர் ஏரி எரிமலை ஏரி அன்று. ஆகையால் நீங்கள் அஞ்ச வேண்டா.

அதே 1986, அதே ஆகஸ்டு 21. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஜமைக்காத் தீவின் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை நடத்திய பெற்றோருக்கு ஒரு மகன் பிறந்தான். உசைன் செயிண்ட் லியோ போல்ட் என்று பெயரிட்டனர். பெயரின் நடுவே புனித லியோ! சிறு வயதில் அவனுக்குக் கிரிக்கெட்டில்தான் ஆசை. பந்து வீச அவன் ஓடிவரும் வேகத்தைக் கண்ட பயிற்சியாளர் ஓட்டப் பந்தயத்துக்குத் திருப்பினார். முதுகெலும்பில் பிறவியிலேயே வளைவு இருந்தும் இடைவிடாப் பயிற்சியால் அதை வென்றார். 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் பெர்லின் நகரில் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். இருபத்து மூன்றாம் பிறந்த நாளுக்கு முந்திய நாள், இருநூறு மீட்டரை 19.19 விநாடியில் ஓடினார்.

ஒலிம்பிக்கில் இவர் வென்ற தங்கம் ஒன்பது. ஆனால் தொடரோட்டத்தில் உடன் ஓடிய தோழர் ஒருவர் தடை செய்யப்பட்ட மருந்தை உட்கொண்டிருந்தது பின்னர் வெளிப்பட்டதால், 2017-இல் ஒரு பதக்கம் குழு முழுவதிடமிருந்தும் பறிக்கப்பட்டது. இன்று இவர் கணக்கில் எட்டு. ஒருவர் தவற்றின் சுமை உடனிருந்தோர் அனைவர் மேலும் விழுகிறது என்பதற்கு இது பாடம்.

2006: ஓய்ந்த ஷெனாய்

நம் ஊர்த் திருமணத்தில் நாதசுரம் ஒலிப்பது போல, வட நாட்டில் ஒலிக்கும் மங்கல இசைக் கருவி ஷெனாய். அதனை இசையரங்கின் மேடைக்கு உயர்த்தியவர் உஸ்தாத் பிஸ்மில்லா கான். 1916-இல் பிறந்த அவர், 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் காசியில் காலமானார். இசுலாமிய நெறியில் வழுவாது வாழ்ந்தவர். கங்கைக் கரையில் கோவில் முற்றங்களில் அமர்ந்து வாசித்துப் பழகியவர். 2001-இல் பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது. செல்வமும் புகழும் வந்த பின்னும் காசியின் பழைய சந்தில் இருந்த தம் வீட்டை விட்டுப் போக அவர் மனம் ஒப்பவில்லை. சொந்த மண்ணின் மேல் மனிதனுக்கு உள்ள பற்று அத்தகையது. ஊரை விட்டு மேடேறிய நம் முன்னோரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை இதனால் உணரலாம்.

உங்களுக்கு ஒரு பணி

செல்வங்களே! ஒரே தேதியில் ஒரு புனிதரைக் கண்டோம். கணித மேதையைக் கண்டோம். அரசியல் தலைவரை, ஓட்ட வீரரை, இசைக் கலைஞரைக் கண்டோம். களவு போன ஓவியத்தையும், வாயு கக்கிய ஏரியையும், நீர் நிறைந்த அணையையும் கண்டோம். இவையெல்லாம் யாரோ எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகின்றன. எழுதாதவை மறைந்துவிடும்.

1934-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்து அணையில் நீர் ஏறியதைக் கண்டவர், இன்று இருந்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார். கண்டவர் ஏறக்குறைய எல்லாரும் போய்விட்டனர். அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் மட்டுமே இருக்கின்றனர். அவர்களே உங்கள் தாத்தாக்களும் பாட்டிகளும். நீங்கள் கேட்காவிட்டால் அந்தக் கதையும் அவர்களோடு போய்விடும். எந்தக் கோடையிலும் அது கோபுரத்தைப் போல் திரும்பித் தலைகாட்டாது.

ஆகவே இத்திங்கள் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியிடம் போய் உட்காருங்கள். நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, யார் யார் வந்தார்கள், எதை எடுத்துவந்தார்கள், எதை விட்டுவந்தார்கள் என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். தேதி தெரிந்தால் தேதி. தெரியாவிட்டால் "பஞ்சம் வந்த ஆண்டு", "பெரியப்பா பிறந்த மழைக்காலம்" என்று அவர்கள் சொல்லும் கணக்கையே எழுதுங்கள். பெரியவர்களின் துணையோடு பங்கு சுவாமியிடம் கேட்டால், ஞானஸ்நானப் புத்தகத்தில் உங்கள் தாத்தாவின் பெயரும், அவரைப் பெற்றவர்கள் பெயரும், ஞானத்தாய் தந்தையர் பெயரும் நாளோடு எழுதியிருப்பதைக் காட்டுவார். நீர்த்தேக்கத்துக்குத் தம் பெயர் வைக்கப்படாதவர்கள்தாம். ஆயினும் திருச்சபை ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியே கேட்டு எழுதி வைத்திருக்கிறது.

அப்புத்தகத்தில் உங்கள் பெயரும் ஒரு தேதிக்கு எதிரே இருக்கிறது. அந்தத் தேதி எது என்று இன்றே அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த திங்கள் மற்றொரு நாளோடு சந்திப்போம். இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!